தொடுபவர் என்றால் யார்?

தேதி பன்னிரண்டு, திங்கட்கிழமை, மாலை ஐந்து இருபது. செவிலியர் சங்கம் 61. நாங்கள் 58. பிரிக்காமல் ஒதுக்கி வைத்த உறைகள் 11.

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பாப்பாவுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அது விழ வேண்டிய பல்தான். நல்ல செய்தி இத்துடன் முடிந்தது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் குரலை உயர்த்துவேன், நீ "சரிடா, டூட்டிக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுவாய். அதோடு எனக்கு உன்னிடமிருந்து எழுத்தில் ஒன்று வேண்டும். அதனால்தான் டயாலிசிஸ் பிரிவுக்குப் பின்னால், தண்ணீர் சுத்திகரிக்கும் அறையில் உட்கார்ந்து இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த மோட்டார் சத்தத்துக்குள் எவனும் வரமாட்டான். என்னைத் தேடி ஆறுதல் சொல்ல நினைக்கிறவர்கள் இப்போது எங்கள் பிரிவில் அதிகம். எனக்கு ஆறுதல் வேண்டாம், நாலு ஓட்டு வேண்டும்.

முதலிலிருந்து சொல்கிறேன். டயாலிசிஸ், எக்ஸ்ரே, ஆபரேஷன் தியேட்டர், லேப் என்று மருத்துவமனையில் இருக்கும் தொழில்நுட்பப் பணியாளர்கள் எல்லோரும் இத்தனை வருடமாக உங்கள் செவிலியர் சங்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் அங்கேயே இருப்பதா, தனிச் சங்கமாகப் பிரிவதா என்பதற்குத்தான் இன்றைக்கு ஓட்டு. கேன்டீனில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, கையுறை வந்த அட்டைப்பெட்டியில் துளை போட்டு வைத்திருந்தார்கள். தொழிலாளர் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் ஒவ்வொரு சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், செல்லாத நோட்டைப் பார்ப்பது மாதிரி.

பிரிய வேண்டும் என்று நாங்கள் சும்மா ஆசைப்படவில்லை. காரணம் சொட்டு.

உனக்குச் சொட்டைத் தெரியாது, நீ வெளிநாடு போன பிறகு லேபில் சேர்ந்தவள். "ஒரு சொட்டு போதும்" என்று எதற்கெடுத்தாலும் சொல்வாள், அதனால் அந்தப் பெயர். பேச்சும் அப்படித்தான், சொட்டுச் சொட்டாக. போனில் நாலு வார்த்தைக்கு மேல் வராது. போன மாதம் பொது வார்டிலிருந்து ஒரு பெரியவரின் ரத்தம் வந்தது. பொட்டாசியம் அதிகமாகக் காட்டியது, ஆனால் அந்த ரத்தத்தை நம்பி முடிவு கொடுக்க முடியாது. எனவே அவள் முடிவை நிறுத்தி வைத்துவிட்டு, வார்டுக்குப் போன் போட்டு மறுபடி எடுத்தனுப்பச் சொன்னாள். மறுபடி ரத்தம் வரவில்லை. சாயங்காலம் பெரியவருக்கு இதயம் தாறுமாறாக அடித்து, ஓட்டமாக ஓடி வந்து என் இயந்திரத்தில்தான் போட்டார்கள். பிழைத்துவிட்டார். இப்போது சாப்பாட்டில் உப்பில்லை என்று எல்லோரோடும் சண்டை போடுகிற அளவுக்கு நன்றாக இருக்கிறார்.

ஆனால் சொட்டு இடைநீக்கத்தில் இருக்கிறாள். அந்த வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ், லேபிலிருந்து முடிவைப் பற்றித் தனக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விசாரணை. சொட்டின் வேலை போனால் அதோடு அவளுடைய பதிவும் போகும், வேறெங்கும் லேபுக்குள் கால் வைக்க முடியாது.

விசாரணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேச அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் ஆளுக்குத்தான் அனுமதி. இருப்பது ஒரே சங்கம். அந்தச் சங்கம் நர்ஸுக்குப் பக்கத்தில் உட்காரும். அப்படியானால் சொட்டுக்குப் பக்கத்தில்? கூட்டத்தில் நான் இதைக் கேட்டபோது உன் வீட்டுக்காரர், அதாவது மாண்புமிகு சங்கச் செயலாளர் மாமா, "நாங்களே ரெண்டு பேருக்கும் உட்கார்றோம்" என்றார். உங்களுக்கென்ன ரெண்டு உடம்பா என்று கேட்டேன். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்துதான் வீட்டில் பேச்சு நின்றது.

இனி அந்தப் பதினொன்றுக்கு வருகிறேன். அது லேப்காரர்களின் ஓட்டு. பதினொன்றும் எங்களுக்குத்தான் என்று குழந்தைக்கும் தெரியும். அவர்கள் வரிசையில் வந்து நின்றதும் மாமா எழுந்து ஆட்சேபனை சொன்னார். சங்க விதி மூன்று: "நோயாளியைத் தொட்டுப் பணிபுரிபவர் மட்டுமே" வாக்குரிமை உள்ள உறுப்பினர். லேப்காரர்கள் நோயாளியைத் தொடுவதில்லை, ஜன்னல் வழியாகக் குழாயை வாங்குகிறார்கள், எனவே ஓட்டு இல்லை. எனக்கு வந்த கோபத்தில், ரத்தம் உடம்புக்குள்ளே இருந்தால் நோயாளி, குழாய்க்குள்ளே வந்துவிட்டால் சரக்கா என்று கத்தினேன். சந்தாவை மட்டும் தொடலாமாக்கும் என்றும் சொன்னேன். அது தேவையில்லாததுதான். பக்கத்தில் உட்காரும்போது நம்ம ஆள், ஓட்டுப் போடும்போது வேற்றாள் என்றால் அது என்ன நியாயம் என்று கேட்டேனே, அது தேவையானது. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி, இந்த விதியை யார் எழுதினார்கள், அவரையே கேட்டால் என்ன என்றார். மாமா, "அவங்க இப்போ ஊர்ல இல்லைங்க" என்றார். நான் எழுந்து, எழுதியது என் அக்கா என்றேன். அப்போ ஆட்சேபனை சொல்கிறவர் யார் என்று அதிகாரி கேட்க, பின்னாலிருந்து எக்ஸ்ரேக்காரர், "அவங்க வீட்டுக்காரர்ங்க" என்றார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "குடும்பச் சண்டையை லேபர் ஆபீஸ்ல கொண்டுவந்து போட்டிருக்கீங்களாய்யா?" என்றார். கேன்டீனே குலுங்கியது. ஆனால் அதிகாரி ஒரு நல்ல காரியம் செய்தார். உறைகளைப் பிரிக்காமல் தனியே முத்திரை வைத்தார். வியாழக்கிழமை காலை அவர் அலுவலகத்தில் முடிவு சொல்வதாகவும், விதியை எழுதியவர் அதன் பொருளைக் கையெழுத்திட்டு அனுப்பினால் பார்ப்பதாகவும் சொன்னார்.

அதுதான் எனக்கு வேண்டும்.

நீ அந்த வார்த்தையை எழுதிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீதான் அப்போது செயலாளர். நான் படித்துக்கொண்டிருந்தேன், நீயும் மாமாவும் சாப்பாட்டு மேசையில் காகிதத்தைப் பரப்பி உட்கார்ந்திருந்தீர்கள், கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போகிறது என்று உங்கள் இருவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நிர்வாகம் தன் கண்காணிப்பாளர்களையும் அலுவலக அதிகாரிகளையும் சங்கத்துக்குள் நுழைத்து ஓட்டை வாங்கப் பார்த்தது. அவர்களை வெளியே நிறுத்த என்ன வார்த்தை போடுவது என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொண்டீர்கள். நீதான் "தொட்டு" என்று போட்டாய். "நாற்காலியைத் தொட்டுக்கிட்டு இருக்கறவங்க எல்லாம் வெளியே" என்று சொல்லிச் சிரித்தாய். மாமா, "பலே" என்று மேசையைத் தட்டினார். என் டம்ளர் கவிழ்ந்து தண்ணீர் கொட்டியது.

முதலாளியை வெளியே நிறுத்தப் போட்ட வேலி, அக்கா. இப்போது அதே வேலியைப் பிடுங்கி வந்து சொட்டைச் சுற்றி நட்டிருக்கிறார்கள். நட்டது மாமா. தொடுகிறவர், தொடாதவர் என்று ஆளைப் பிரிப்பது எவ்வளவு கேவலம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு நிலவரம் கேட்டால் சிரிப்பாய். மாமாவும் நானும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். தூது பாப்பா; அவளுக்கு நான் மாமா. "மாமா, அப்பா கேஸ் புக் பண்ணியாச்சான்னு கேக்கறார்." "பண்ணியாச்சுன்னு உங்க அப்பாகிட்ட சொல்லு." மூன்றடி தூரத்துக்கு இந்தக் கூத்து. நேற்று அவள் இரண்டு பேரையும் பார்த்து, "நான் என்ன போனா?" என்று கேட்டுவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டாள். உன் வாய் அப்படியே இருக்கிறது.

எனவே சுருக்கமாகச் சொல்கிறேன். "தொட்டு" என்று எழுதியபோது என்ன அர்த்தத்தில் எழுதினாய் என்று நாலு வரி எழுது. கையெழுத்துப் போடு. படம் எடுத்து புதன் இரவுக்குள் அனுப்பு. மாமாவுக்கு எதிராக எழுதச் சொல்லவில்லை, உண்மையை எழுதச் சொல்கிறேன். அது மாமாவுக்கு எதிராக இருந்தால் அது உண்மையின் குற்றம்.

செவ்வாய், காலை.

மேலே இருப்பதை நேற்று அனுப்பவில்லை. மின்சாரம் போய் மோட்டார் நின்றது, ஓட வேண்டியதாகிவிட்டது. நல்லதாகப் போயிற்றா கெட்டதாகப் போயிற்றா என்று இன்னும் தெரியவில்லை. எதையும் அழிக்கவில்லை, ஏனென்றால் எதுவும் பொய்யில்லை. ஆனால் இன்று காலை நடந்ததையும் சேர்த்துப் படி.

பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து பாப்பா, "மாமா! அப்பா! குழாய் உடைஞ்சிருச்சு!" என்று அலறினாள். ஓடினால், தொட்டிக்கு மேலே இருக்கும் குழாய் கழுத்தோடு முறிந்து தண்ணீர் கூரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மெயின் வால்வு துருப்பிடித்துத் திரும்பவில்லை. நான் முறிந்த இடத்தில் துணியை வைத்து அழுத்தினேன், மாமா கீழே படுத்து வால்வோடு மல்லுக்கட்டினார். இதைப் பாப்பா மூலம் செய்ய முடியாது. "இறுக்கிப் பிடி மாப்ள" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

வால்வு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. படுத்த வாக்கில் அவராகவே முனகினார்: "வீட்லயும் குழாய், அங்கேயும் குழாய். அந்த வார்டுப் பொண்ணும் இதையேதான் சொல்லுது." என்ன சொல்கிறாள் என்றேன். "லேப்லேர்ந்து ஒரு போன் வந்துச்சாம். குழாய் உடைஞ்சிருக்கு, வேற அனுப்புங்கன்னு சொன்னாங்களாம். சரி, கீழே போட்டு உடைச்சிட்டாங்க போலன்னு இது நாலு காலிக் குழாயை எடுத்து அனுப்பி வெச்சிருக்கு. ரிசல்ட் பத்தி ஒரு வார்த்தை இல்லையாம்."

நான் துணியை விட்டுவிட்டேன். தண்ணீர் அவர் முகத்திலேயே அடித்தது. "டேய்!" என்றார்.

உனக்குப் புரிந்திருக்கும். மாமாவுக்குப் புரியவில்லை, நர்ஸாக இத்தனை வருடம் இருந்தும் லேப் பேச்சு அவருக்குத் தெரியாது. லேபில் "உடைஞ்சிருக்கு" என்றால் கண்ணாடி உடைந்ததென்று அர்த்தமில்லை. உள்ளே ரத்த அணுக்கள் உடைந்திருக்கின்றன, இந்த முடிவை நம்பாதே, புதிதாக ரத்தம் எடு என்று அர்த்தம். எங்கள் பிரிவுக்குச் சொட்டு எத்தனையோ முறை அப்படிப் போன் செய்திருக்கிறாள். நாங்களும் உடனே ஊசியை எடுத்துக்கொண்டு போவோம். அந்தப் புதுப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அவள் காதில் குழாய் உடைந்தது, அவ்வளவுதான். அவள் வெறும் குழாயை அனுப்பினாள், சொட்டு ரத்தத்துக்குக் காத்திருந்தாள்.

ஈரத் தரையில் உட்கார்ந்தே இதை அவருக்கு விளக்கினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்போ ரெண்டு பொண்ணுமே பொய் சொல்லல" என்றார். சொல்லவில்லைதான். நானும் ஒரு மாதமாக அந்த நர்ஸைப் பொய்க்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் சொட்டை அப்படித்தான் நினைத்திருக்கிறார், வெளியே சொல்லவில்லை, அது அவர் நாகரிகம்.

இதற்காகத்தான் கேட்கிறேன், சொட்டுக்குப் பக்கத்தில் "உடைஞ்சிருக்கு" என்றால் என்னவென்று தெரிந்த ஒருவன் உட்கார வேண்டும் என்றேன். அப்படியானால் ஆட்சேபனையை வாபஸ் வாங்குங்கள் என்றேன். முடியாது என்றார். நான் எழுந்துவிட்டேன். "உட்காரு" என்றார். "நீ உன் அக்காவுக்கு எழுதுவேன்னு தெரியும். எழுது. ஆனா பதினேழாவது பிரிவு என்னன்னு தெரிஞ்சுக்கிட்டு எழுது."

பிறகு சொன்னார். நிர்வாகத்தோடு அவர் பேசி முடிக்கப்போகும் ஒப்பந்தத்தில் பதினேழாவது பிரிவு: சம்பளமில்லா விடுப்பில் வெளிநாடு போன நர்ஸ் திரும்பி வந்தால், பழைய பணிமூப்போடு அதே இடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றரை வருடமாக நிர்வாகத்தின் வாயிலிருந்து பிடுங்கியது. தொழில்நுட்பக்காரர்கள் பிரிந்துவிட்டால், பழைய சங்கம் பழைய சங்கமில்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து பேசுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டதாம். உன் விடுப்பு இந்த வருடக் கடைசியோடு முடிகிறது. முதலிலிருந்து பேசினால் அதற்குள் முடியாது.

அதாவது அவர் வேலி நட்டது சங்கத்துக்காக மட்டுமில்லை.

இதை ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவ என்ன சொல்வான்னு எனக்குத் தெரியும், அதான் சொல்லல" என்றார். நீயும் சொல்லாதே என்றார். சொல்லிவிட்டேன். என்னிடம் ரகசியம் சொல்கிறவர்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்காது. ஒருவேளை தெரிந்துதான் சொன்னாரோ என்னவோ.

எனக்கு எரிச்சலாக வருகிறது, அக்கா. நேற்று மாமா மீது இருந்த எரிச்சல் சுத்தமாக இருந்தது, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அவர். இன்றைக்கு யார் மீது காட்டுவது? இரண்டு பெண்கள் ஒரு வார்த்தையால் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் உன் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம். நிர்வாகம் மட்டும் மேலே ஏசி அறையில் சௌகரியமாக இருக்கிறது. அது யாரையும் தொடவில்லை, அதை யாரும் தொடவில்லை.

ஆனாலும் நேற்று கேட்டதையே இன்றும் கேட்கிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. நீ எழுதினால் உறைகள் பிரியும். பிரிந்தால் எங்களுக்கு அறுபத்தொன்பது. சொட்டுக்கு ஆள் கிடைக்கும். உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எழுதாமல் விட்டால், ஏன் எழுதவில்லை என்று ஆயுசுக்கும் கேட்கமாட்டேன். பாப்பாவுக்கு விழுந்த பல்லை ஒரு காலி மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அம்மா வந்ததும் காட்ட வேண்டுமாம். அதை உன்னை இளக்குவதற்காக எழுதவில்லை. அப்படித்தான் தோன்றும், ஆனால் இல்லை. மறைத்தால் அது கணக்கில் ஏமாற்று ஆகிவிடும், அதனால் எழுதினேன்.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் நன்றாகத் தூங்கி எழுந்து எடு. உடம்பைப் பார்த்துக்கொள். இனி நான் செய்யப்போவது இவை:

1. இன்று மதியம் மாமாவும் நானும் சேர்ந்து போய் அந்த வார்டு நர்ஸைப் பார்ப்போம். மாமா பேசுவார், நான் வாயைத் திறக்கக் கூடாது. அது அவருடைய நிபந்தனை, நியாயமானதுதான்.

2. பிறகு சொட்டு வீட்டுக்குப் போவேன். அவள் போனில் சொன்ன நாலு வார்த்தையை நாற்பது வார்த்தையாகச் சொல்லப் பழக்குவேன்.

3. வியாழக்கிழமை அதிகாரி முன்னால் நிற்பேன். உன் கடிதம் இருந்தால் கொடுப்பேன். இல்லாவிட்டால், சாப்பாட்டு மேசையில் என் காதால் கேட்டதைச் சொல்வேன். தம்பி சொல்வதை எவன் நம்புவான் என்பது வேறு விஷயம். மாமாவிடம் அவர் கேட்டால், மேசையைத் தட்டியதை மாமா மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

4. வெள்ளிக்கிழமை உறை பிரிந்திருந்தால் சொட்டோடு உள்ளே போவேன். பிரியாவிட்டால் கதவு வரைக்கும் போவேன்.

5. நாங்கள் ஜெயித்தால், எங்கள் சங்கத்தின் முதல் தீர்மானம் பதினேழாவது பிரிவை அப்படியே ஏற்க வேண்டும் என்பதாக இருக்கும். நர்ஸுகளின் விஷயத்தில் உனக்கென்ன வேலை என்று எங்கள் ஆட்களே என்னை ஏசுவார்கள். ஏசட்டும்.

6. மாமாவிடம் நேராகவே பேசுவேன். சண்டையும் நேராகவே போடுவேன்.

7. உன் அறையில் நான் அடைத்து வைத்திருக்கும் பம்ப், வயர், பழைய மோட்டார் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்துவிடுவேன். சுவரில் அடித்த ஆணி ஓட்டைகளையும் பூசிவிடுவேன். நீ என்ன எழுதினாலும், எழுதாவிட்டாலும், அந்த அறை உனக்காகக் காலியாகத்தான் இருக்கும்.

தம்பி